கையெழுத்து மட்டும் உள்ள நான்கு தாள்கள்

அனுப்புநர்
இயன்முறைச் சிகிச்சையாளர் சங்கத்தின் நிறுவன உறுப்பினர், பதிவு எண் 17,
இன்றைய தேதி வரை செயற்குழு உறுப்பினர், வயது 73.
(பெயரும் வீட்டு முகவரியும் ஒட்டிய உறையில், இணைப்பு 1. காரணம் பத்தி 15-இல்.)

பெறுநர்
சங்கங்களின் பதிவாளர் அவர்கள்,
பதிவாளர் அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: கூட்டம் நடக்காத நாளில் நடந்ததாகக் காட்டி ஓர் உறுப்பினரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது – எழுதப்படாத தாள்களில் முன்கூட்டியே வாங்கப்பட்ட கையெழுத்துகள் – ஜூன் 27-க்கு முன் அலமாரியைத் தங்கள் பொறுப்பில் எடுக்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. சங்க விதிகள் 8, 11, 14, 19, 27.
2. மார்ச் 22 தேதியிட்ட செயற்குழுத் தீர்மானம்.
3. ஜூன் 28 பொதுக்குழுக் கூட்ட அறிவிப்பு.

மதிப்பிற்குரிய பதிவாளர் அம்மையார் அவர்களுக்கு,

1. வணக்கம். இது என் கையாலேயே எழுதிய மனு. தட்டச்சுக் கடையில் கொடுக்கத் துணிவில்லை. எழுத்து கோணலாக இருக்கும். மார்ச்சில் முறிந்து கூடிய வலது மணிக்கட்டு. பொறுத்துக்கொண்டு கடைசிவரை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. இந்த மனு தங்கள் மேசைக்கு வருமுன் நான்கைந்து மேசைகளைக் கடக்கும் என்பது எனக்குத் தெரியும். பெயர்களெல்லாம் உறையில் உள்ளன. உறையைத் தாங்களே பிரிக்க வேண்டும்.

2. நான் கல்லூரிக்குப் போகாதவன். எலும்பு மருத்துவமனையில் கட்டில் தள்ளும் வேலையில் சேர்ந்தேன். மருத்துவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய புத்தகங்களைக் கேட்டு வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எலும்பு எலும்பாக, தசை தசையாகப் படித்தேன். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் தேர்வெழுதிப் பதிவு பெறலாம் என்று ஒரு வாய்ப்பு வந்தபோது எழுதித் தேறினேன். சங்கம் தொடங்கிய பதினெட்டுப் பேரில் நானும் ஒருவன். சங்க விதிகளில் பாதிக்கு மேல் என் கையெழுத்துப் படியிலிருந்து அச்சானவை. விதியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிபவன் என்பதால் உறுப்பினர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'விதிப்புத்தகம்'. நேரில் 'ஐயா' என்பார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்பது பத்தி 6-இல் விளங்கும்.

3. சங்கத்தின் அமைப்பு: 640 உறுப்பினர்கள் கொண்ட பொதுக்குழு ஏழு பேர் கொண்ட செயற்குழுவைத் தேர்ந்தெடுக்கிறது. பதிவேடு செயற்குழுவின் பொறுப்பு. எந்த மருத்துவமனையும் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஒருவரை வேலையில் வைத்துக்கொள்ளும். பெயர் இல்லாதவர் ஒரு நோயாளியின் விரலைக்கூட மடக்கி நீட்டக் கூடாது. ஆகவே பெயரை நீக்குவது சாதாரண விஷயமல்ல என்பதால், அதை விசாரிக்க மூவர் கொண்ட ஒழுங்குக் குழு ஒன்று தனியே இருக்க வேண்டும் என்றும், அந்த மூவரும் செயற்குழுவில் இல்லாதவர்களாக இருக்க வேண்டும் என்றும் விதி 11 சொல்கிறது.

4. நடப்பது வேறு. இப்போதைய செயற்குழு பொறுப்பேற்ற இந்த நான்கு ஆண்டுகளில் ஒழுங்குக் குழு என்று ஒன்று அமைக்கப்படவே இல்லை. சங்க அலுவலகத்தின் நீள மேசையில் ஒரு மரப்பலகை உண்டு. ஒரு பக்கம் 'செயற்குழு', மறுபக்கம் 'ஒழுங்குக் குழு'. ஆறு மணிக்கு ஒரு பக்கம், ஆறரை மணிக்கு மறுபக்கம். ஆட்கள் அதே ஆட்கள், நாற்காலிகள் அதே நாற்காலிகள். செயலாளர் சிரித்துக்கொண்டே, "பலகையைத் திருப்புங்கப்பா, இப்ப நாம வேற ஆளுங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன் என்பதை மறைக்கவில்லை.

5. என் மகளும் இயன்முறைச் சிகிச்சையாளர்தான். கல்லூரியில் படித்தவள், ஒரு தனியார் மருத்துவமனையில் பதினோரு ஆண்டுகளாக வேலை. இவ்வாண்டு ஜனவரி இறுதியில் ஒரு பேருந்து ஓட்டுநர் அவளிடம் வந்தார். நெடுநாள் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி போனவர். வேறொரு சிகிச்சை நிலையத்தில் அவருடைய பாதத்தில் சூட்டு ஒத்தடப் பையை வைத்துவிட்டு, வைத்தவர் வேறு அறைக்குப் போய்விட்டார். உணர்ச்சியில்லாத பாதத்துக்குச் சுடுவது எப்படித் தெரியும்? மூன்று விரல்கள் வெந்துபோயின. சூடு வைக்குமுன், ஒரு கண்ணாடிக் குழாயில் வெந்நீரும் இன்னொன்றில் குளிர்ந்த நீரும் எடுத்துக் கண்ணை மூடச் சொல்லித் தொட்டு, எது சூடு எது குளிர் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நிமிட வேலை. எங்கள் தொழிலில் சேரும் எவருக்கும் முதல் மாதம் சொல்லித் தரப்படுவது. அதைச் செய்யவில்லை. இப்படிப்பட்ட காயத்தைக் காணும் உறுப்பினர் ஏழு நாளுக்குள் ஒழுங்குக் குழுவுக்கு எழுதியே ஆக வேண்டும் என்பது விதி 19. மகள் பிப்ரவரி 2 அன்று எழுதினாள். அந்தச் சிகிச்சை நிலையம் சங்கத் தலைவருடையது.

6. பிப்ரவரி 8 கூட்டத்தில் அந்தக் கடிதம் வந்தது. பலகை திருப்பப்பட்டது. தலைவர், "என்னைப் பத்தின விஷயம், நான் இருந்தா நல்லா இருக்காது" என்று பால்கனிக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது. ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, "ம், சொல்லுங்க" என்றார். நான் அதை ஆட்சேபித்தேன். ஆட்சேபித்துவிட்டு, 6.45-க்கு வரச் சொன்ன நோயாளி காத்திருப்பார் என்று எழுந்து வந்துவிட்டேன். அன்று வீட்டுக்குப் போனதும் மகள், "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டாள். "விதிப்படி நடக்கும்மா" என்றேன்.

பத்தி 2-இல் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதியதன் காரணம் இதுதான். அன்று உள்ளே நுழையும்போதே நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். கூட்டத்துக்கு வந்ததற்கான தாளில் ஒன்று. தீர்மானத் தாளில் ஒன்று. தீர்மானத் தாளில் அப்போது தீர்மானம் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

7. இதைத் தங்களுக்குப் புரியும்படி விளக்க வேண்டும். வெளியில் கேட்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எங்களுக்கு அப்படித் தெரிந்ததில்லை. மாலை வேளைதான் எங்களுக்கு நோயாளிகள் அதிகம். வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் அப்போதுதான் வருவார்கள். அரை மணிக்கு ஒருவர் என்று நேரம் கொடுத்திருப்போம். முதுகில் மின்தகடு ஒட்டிப் படுக்க வைத்துவிட்டுக் கூட்டத்துக்கு ஓடி வந்தவர்களும் உண்டு. கூட்டம் முடியும்வரை யாராலும் இருக்க முடியாது. தீர்மானம் எழுதி முடிக்கும் நேரத்தில் மேசையில் இரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள்; ஐந்து கையெழுத்து இல்லாமல் தீர்மானம் செல்லாது. ஆகவே, வாசலில் நுழையும்போதே வெற்றுத் தீர்மானத் தாளின் அடியில் எல்லோரும் கையெழுத்திடுவது, பேசி முடித்ததைச் செயலாளர் பிறகு மேலே எழுதிக்கொள்வது என்று ஒரு வழக்கம் வந்தது. பத்தொன்பது ஆண்டுகளாக நடக்கிறது.

அந்த வழக்கத்தைத் தொடங்கியவன் நான். அப்போது நான்தான் செயலாளர். "முதல்ல கையெழுத்து, அப்புறம் பேச்சு. நோயாளி காத்திருக்கக் கூடாது" என்று சொன்னதும் நான்தான். அந்தச் சொற்களை இப்போதைய செயலாளர் ஒவ்வொரு கூட்டத்திலும் வாசலில் நின்று சொல்வார். கூடவே, "ஐயா போட்ட பாதை" என்பார்.

8. மார்ச் 3 அன்று குளியலறையில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது. முழங்கைக்குக் கீழிருந்து விரல் முட்டிவரை மாவுக்கட்டு. ஏப்ரல் 16 வரை கட்டு பிரிக்கப்படவில்லை. அந்த ஆறு வாரமும் வலது கையால் ஒரு தேக்கரண்டியைக்கூடத் தூக்கவில்லை. மார்ச் 20 அன்று எலும்பு மருத்துவமனைப் படிவத்தில் இடது கைப் பெருவிரல் ரேகைதான் வைத்தேன். அதன் நகல் இணைப்பு 3. மார்ச் 22 கூட்டம் தள்ளிவைக்கப்பட்டதாக அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். "கையை நல்லா பாத்துக்குங்க ஐயா" என்று அன்போடும் சொன்னார்கள். நானும் நெகிழ்ந்துபோனேன்.

9. மே 5 அன்று மருத்துவமனைக்கு ஒரு கடிதம் போனது. என் மகளின் பெயர் இரண்டு ஆண்டுகளுக்குப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. காரணம், சக உறுப்பினர் மீது ஆதாரமின்றி அவதூறு. அவளை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று மதியமே அவள் வெள்ளைக் கோட்டை மடித்து மேலாளர் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். அப்போது அவளிடம் பதினான்கு நோயாளிகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பக்கவாதம் வந்து மூன்று மாதம் படுத்திருந்து, அந்த வாரம்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கியிருந்த பள்ளி ஆசிரியை.

மகள் விண்ணப்பம் போட்டுத் தீர்மானத்தின் நகலைப் பெற்றாள். மே 20 காலை, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தாளை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். தேதி மார்ச் 22. ஏழு கையெழுத்துகள். ஏழாவதில் விரலை வைத்து, "இது உங்க கையெழுத்துதானேப்பா?" என்று கேட்டாள்.

என் கையெழுத்துதான். போலி அல்ல. முறியாத கையால், அவசரமில்லாமல், கடைசி எழுத்தின் வாலை நீட்டி நான் போடும் அதே கையெழுத்து.

10. மாவுக்கட்டுக்குள் இருந்த கையால் அதைப் போட்டிருக்க முடியாது என்பதற்குத் தங்களுக்குத் தரக்கூடிய சான்று ஒன்று உள்ளது. கட்டுப் பிரித்த மறுநாளிலிருந்து என் மகளே எனக்குச் சிகிச்சை செய்தாள். கைப்பிடியின் வலுவைக் காட்டும் கருவியை அழுத்தச் சொல்லி, வந்த எண்ணைத் தேதி போட்டு எழுதி வைத்தாள். அப்பா என்பதற்காக ஒரு எண்ணையும் கூட்டி எழுதுகிறவள் அல்ல. ஏப்ரல் 17: நான்கு கிலோ. ஏப்ரல் 24: ஏழு. மே 1: பதினொன்று. மே 5 காலை: பதினைந்து. அந்த அட்டவணை இணைப்பு 4. ஏப்ரல் 24-இல் பேனா பிடித்து எழுதச் சொல்லி அவள் வாங்கிய ஒரு வரியும் அதில் உள்ளது. அந்த எழுத்தையும் மார்ச் 22 கையெழுத்தையும் தாங்கள் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

மே 5-க்குப் பிறகு அட்டவணையில் எண் இல்லை. பதிவில் இல்லாதவர் எவரையும் தொட்டுச் சிகிச்சை செய்யலாகாது, உறவினரும் விலக்கல்ல என்பது விதி 14. 'உறவினரும் விலக்கல்ல' என்ற இரண்டு சொற்களை வலியுறுத்திச் சேர்த்தவனும் நான்தான். மகள் இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "மடக்குங்கப்பா, இன்னும் கொஞ்சம், போதும்" என்று வாயால் மட்டும் சொல்கிறாள். கை வைப்பதில்லை. "வீட்டுக்குள்ள யாரும்மா பார்க்கப்போறா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். "நீங்கதான் பார்ப்பீங்க" என்றாள்.

11. மே 24 அன்று செயலாளரைச் சங்க அலுவலகத்தில் சந்தித்தேன். மார்ச் 22-இல் எந்தக் கூட்டம் நடந்தது என்று கேட்டேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். எப்போதும் மரியாதையானவர். பிறகு சொன்னதை அவர் சொன்னபடியே தருகிறேன்: "ஐயா, கையெழுத்து உங்களுது. நீங்க பார்க்காம போட்டீங்கன்னா தப்பு யாருது? விதி 27 என்ன சொல்லுது, நீங்களே சொல்லுங்க." விதி 27: படிக்காமல் ஆவணத்தில் கையெழுத்திடும் செயற்குழு உறுப்பினர் பதவியையும் பதிவையும் இழப்பார். அதுவும் என் கையால் எழுதியது. நான் மகளுக்காக மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொன்னேன். அவர் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். "பண்ணுங்க ஐயா. ஆனா ஒண்ணு. உங்க ராஜினாமாவை ஏத்துக்கிட்ட தீர்மானம்கூட உங்க கையெழுத்தோடதான் இருக்கு. மேல ரெண்டு வரி எழுதிட்டா முடிஞ்சுது. உங்க பொண்ணு தப்புப் பண்ணினதா நீங்களே ஒத்துக்கிட்டதாகூட இருக்கலாம். யாரு கண்டா?" என்று சொல்லிவிட்டுத் தேநீர் வரவழைத்தார். நான் குடித்தேன். ஏன் குடித்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

12. நான் சட்டைப்பை நாட்குறிப்பு வைத்திருப்பவன். கூட்டத்துக்கு எத்தனை மணிக்குப் போனேன், எத்தனை மணிக்குக் கிளம்பினேன் என்று எழுதுவேன். இந்த நான்கு ஆண்டில் 31 கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். ஆகவே 31 வெற்றுத் தாள்களில் கையெழுத்திட்டிருக்கிறேன். தீர்மானக் கோப்பைப் பார்க்கச் செயற்குழு உறுப்பினருக்கு விதி 8-இன்படி உரிமை உண்டு. ஜூன் 3 அன்று போய்ப் பார்த்தேன். என் கையெழுத்துள்ள தீர்மானத் தாள்கள், மார்ச் 22 தாளையும் சேர்த்து, 27 இருந்தன. மூன்று முறை எண்ணினேன். பேசுவதற்கு ஒன்றுமில்லாத கூட்டங்களில் நான் கையெழுத்திட்ட தாள்கள் கிழிக்கப்படாமல் எடுத்து வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

மீதி நான்கு தாள்கள் எங்கே?

அம்மையார் அவர்களே, நான் பயந்த சுபாவம் உள்ளவன் அல்ல. ஆனால் ஜூன் 3-க்குப் பிறகு எந்தத் தபால்காரர் படியேறினாலும் மகளுக்கு முன் நானே ஓடிப்போய் வாங்கிவிடுகிறேன். அந்த அலமாரியில் எங்கோ, அடியில் என் கையெழுத்தோடும் மேலே ஒன்றும் இல்லாமலும் நான்கு தாள்கள் இருக்கின்றன. நான் என்ன சொன்னேன் என்று இனிமேல்தான் முடிவு செய்யப்போகிறார்கள். நான் செத்த பிறகும் அவற்றை எழுதலாம்.

13. கோப்பில் நான் தேடிப் போகாத வேறொன்றையும் கண்டேன். என் மகளுக்கு முன்பே மூன்று பேரின் பெயர்கள் இதே முறையில் நீக்கப்பட்டிருக்கின்றன. மூன்று தீர்மானங்களிலும் என் கையெழுத்து. நாட்குறிப்பைப் பார்த்தேன்: அந்த மூன்று நாட்களிலும் 6.35, 6.40, 6.40-க்குக் கிளம்பியிருக்கிறேன். ஒருவர் நீக்கப்பட்டது மட்டும் அப்போதே என் காதுக்கு வந்தது. "ஏதாவது செய்திருப்பார்" என்று நினைத்துக்கொண்டேன்.

அவரைத் தேடிப் போனேன். நீதிமன்றத்துக்கு எதிரே நகலெடுக்கும் கடை வைத்திருக்கிறார். தோள்பட்டை சிகிச்சையில் அவரைப்போல ஒருவரை நான் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்தாமலே, "வாங்க விதிப்புத்தகம். எத்தனை காப்பி?" என்றார். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். "உங்க வீட்டுக் கதவைத் தட்டின பிறகுதான் உங்களுக்குக் காது கேக்குதா?" என்று கேட்டார். பிறகு இந்த மனுவின் இணைப்புகளையெல்லாம் அவரே நகலெடுத்துக் கொடுத்தார். மூவர் பெயரும் உறையில் உள்ளன. மகளுக்கு மட்டும் நியாயம் கேட்டால் நானும் பலகையைத் திருப்புகிறவன்தான்.

14. ஜூன் 28 பொதுக்குழுவில் இரண்டு விதித் திருத்தங்கள் வர இருக்கின்றன. ஒன்று, ஒழுங்குக் குழுவைத் தலைவரே நியமிப்பார். இரண்டு, செயற்குழுவின் நீக்க உத்தரவே இறுதியானது, மேல்முறையீடு கிடையாது. வாக்கெடுப்பு கையை உயர்த்தி. தலைவரின் சிகிச்சை நிலையங்களில் வேலை பார்க்கும் உறுப்பினர்கள் எண்பது பேருக்கு மேல். அவர்கள் முன் வரிசையில் உட்கார வைக்கப்படுவார்கள், தலைவர் மேடையில் இருப்பார். கை தானாக உயர்கிறதா, அச்சத்தில் உயர்கிறதா என்று கண்டுபிடிப்பது என் தொழில். சென்ற பொதுக்குழுவில் பார்த்தேன். தோளிலிருந்து உயர்ந்த கைகள் குறைவு. பெரும்பாலானவை முழங்கையிலிருந்து, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டே உயர்ந்தன.

அதற்கு முந்தின நாள், ஜூன் 27 அன்று, அலமாரியில் உள்ள பழைய தாள்களெல்லாம் தைத்துக் கட்டுவதற்காக வெளியே அனுப்பப்படுகின்றன. சங்க அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், தலை நிமிராமல், "பைண்டிங்னு சொல்றாங்க ஐயா. பாதிதான் திரும்பி வரும். நான் சொன்னதா மட்டும் சொல்லிடாதீங்க, புள்ளைங்க இருக்கு" என்றார். அந்த அலுவலகத்தில் ஐந்து பேர் வேலை பார்க்கிறார்கள். இதைச் சொன்னவர் இன்னார் என்று யாரும் கண்டுபிடித்துவிடாதபடி இந்தப் பத்தியைத் தாங்கள் தங்கள் கோப்பிலும் மறைத்துவைக்கக் கெஞ்சிக் கேட்கிறேன். இதை எழுதலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாவிட்டால் தேதியின் அவசரம் தங்களுக்குத் தெரியாது.

பேருந்து ஓட்டுநரையும் பார்த்தேன். இப்போது பணிமனையில் சீட்டு எழுதும் வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள்; காலில் கட்டு. "நானே ஒத்தடப் பையை எடுத்து வெச்சுக்கிட்டேன்னு எழுதி வாங்கிட்டாங்க சார். உங்க பொண்ணு நல்லவங்க. ஆனா என்னை விட்டுடுங்க" என்றார். அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். படித்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "கண்ணாடி கொண்டு போகலை" என்றார். அவரை அழைத்து விசாரிப்பதானால் தனியே அழைக்கவும்.

15. என் பெயரையும் முகவரியையும் உறையில் வைத்ததன் காரணம்: இப்படி வரும் மனுக்களை, "விளக்கம் கோரி" என்று ஒரு குறிப்பு எழுதிச் சம்பந்தப்பட்ட சங்கத்துக்கே அனுப்பிவைப்பது அலுவலகங்களின் நடைமுறை. நானே செயலாளராக இருந்தபோது அப்படி வந்த மனுக்களுக்கு விளக்கம் எழுதியிருக்கிறேன், நல்ல விளக்கங்கள். பதிவு எண்ணைப் பார்த்ததுமே சங்கத்தார் என்னை அறிவார்கள்; உறை, இடையில் உள்ள மேசைகளுக்காக மட்டுமே. இந்த மனு அப்படிப் போனால், போய்ச் சேர்ந்த அன்று மாலையே அந்த நான்கு தாள்களில் ஒன்று எழுதப்பட்டுவிடும். ஆகவே பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை பத்து மணிக்குத் தங்கள் அலுவலகப் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருப்பேன். நீலக் குடை வைத்திருப்பேன். மகளுக்கு மார்ச் 22 தாளைப் பற்றித் தெரியும். மீதி நான்கைப் பற்றித் தெரியாது. அவளாவது நிம்மதியாகத் தூங்கட்டும்.

16. ஆகவே தங்களிடம் கோருவது:

ஜூன் 27-க்கு முன், முன்னறிவிப்பின்றி, சங்க அலுவலகத்தின் இரும்பு அலமாரியைத் தங்கள் அலுவலர் ஒருவர் வந்து முத்திரையிட வேண்டும். மேல்தட்டில் உள்ள பச்சைக் கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள்; சாவி செயலாளரிடம் இருப்பதால் அதை என்னால் பார்க்க முடியவில்லை. வெற்றுத் தாள்களை அங்கே வைக்கும் வழக்கத்தையும் ஏற்படுத்தியவன் நான்தான். என் தாள்கள் மட்டுமல்ல, மற்ற ஆறு பேரின் கையெழுத்தும் அவற்றில் இருக்கும். அவர்களும் என்னைப்போலப் பயந்துகொண்டிருக்கிறார்களா, பயப்பட வேண்டும் என்பதே தெரியாமல் இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது.

விதித் திருத்தங்களை நிறுத்திவைக்க வேண்டும். அது இயலாதென்றால் வாக்கெடுப்பையாவது சீட்டு மடித்துப் பெட்டியில் போடும் முறையில், தங்கள் அலுவலர் முன்னிலையில் நடத்த உத்தரவிட வேண்டும்.

மார்ச் 22 தீர்மானத்தையும் அதற்கு முந்தைய மூன்று நீக்கங்களையும், விதி 11-இன்படி அமைக்கப்படும் உண்மையான ஒழுங்குக் குழு விசாரிக்கும்வரை செல்லாதவையாக வைக்க வேண்டும். பதினான்கு நோயாளிகள் காத்திருக்கிறார்கள். பள்ளி ஆசிரியை இப்போது மறுபடி படுக்கையில் இருப்பதாகக் கேள்வி.

விதி 27-இன்படி என் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். இதை மன்னிப்புக் கேட்கும் பாவனையில் எழுதவில்லை. பதிவு எண் 17 போகும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். கட்டில் தள்ளத் தொடங்கி நாற்பத்தாறாவது வயதில் வாங்கிய எண் அது. போகட்டும். என் மகளின் எண்ணை மட்டும் எனக்காகக் காத்திருக்க விடாதீர்கள்.

17. கடைசியாக ஒன்று. என் கையெழுத்துள்ள ராஜினாமாவோ, வாக்குமூலமோ, என் மகளுக்கு எதிரான சாட்சியமோ, தீர்மானத்தின் வடிவில், எந்தத் தேதியிட்டும் தங்களிடம் வரலாம். இந்த மனுவை நான் திரும்பப் பெறுவதாகவும் ஒரு தீர்மானம் வரலாம். வந்தால், எழுத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். கையெழுத்து முறிவுக்கு முந்தையதா பிந்தையதா என்று பாருங்கள். ஏப்ரல் 17-க்குப் பிறகு என் கையெழுத்தில் கடைசி எழுத்தின் வால் நீளாது. மணிக்கட்டு அவ்வளவு திரும்பாது. இனித் திரும்பவும் போவதில்லை என்று நினைக்கிறேன்.

இம்மனு ஒன்பது பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் எழுத்து முடிந்த இடத்திலிருந்து தாளின் அடிவரை குறுக்காகக் கோடு கிழித்திருக்கிறேன். வரிகளுக்கு நடுவில் இன்னொரு வரி நுழைய இடம் விடவில்லை.

இணைப்புகள்: 1. பெயர்கள் அடங்கிய உறை. 2. மார்ச் 22 தீர்மான நகல். 3. பெருவிரல் ரேகையுள்ள படிவம். 4. கைப்பிடி வலு அட்டவணை. 5. நாட்குறிப்புப் பக்கங்கள்.

இடம்: பொது நூலகத்தின் வாசிப்பறை
நாள்: ஜூன் 14

முழுவதும் எழுதி, முழுவதும் இரண்டு முறை படித்து, அதன் பிறகே கையெழுத்திட்டேன். (ஒப்பம்) பதிவு எண் 17